கல்லில் விட்டுவைத்த இடம்

1

இங்கே இறந்தவர்களுக்கும் நிலம் குத்தகைக்குத்தான். ஊரில் இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. நகராட்சி இடுகாட்டில் ஓர் ஆள் படுக்கிற அளவு இடத்தை இத்தனை வருஷத்துக்கு என்று எழுதித் தருவார்கள். கெடு முடிந்தால் புதுப்பிக்கலாம், வேண்டாமென்றால் விட்டுவிடலாம். தலைமாட்டில் கல் வைப்பதற்கும் அவசரப்பட முடியாது. தோண்டிய மண் மழையிலும் பனியிலும் அமுங்கி இறுக வேண்டும். மண் இறுகிவிட்டது, இனி கல் வைக்கலாம் என்று இடுகாட்டு அலுவலகத்திலிருந்து எனக்குப் போன் வந்தது, யான் போய் ஒரு வருஷம் ஆகப்போகிற வாரத்தில்.

யான் என் கணவர். ஹாலந்துக்காரர். இந்த ஊர் அருங்காட்சியகத்தில் பதினேழாம் நூற்றாண்டுப் பொருள்களைப் பராமரிக்கிற வேலையில் இருந்தார். வாள், கைத்துப்பாக்கி, வெள்ளிக் கோப்பை, தந்தம் பதித்த பெட்டி, கருங்காலி நாற்காலி. நான் செங்கல்பட்டுப் பக்கத்துக்காரி. திருக்கழுக்குன்றத்திலிருந்து கல்பாக்கம் போகிற சாலையில் எங்கள் ஊர். இங்கே வந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. இன்னும் இவர்கள் மொழியில் எனக்குக் குறிலும் நெடிலும் தகராறு.

இடுகாட்டு அலுவலகத்திலும் அந்தத் தகராறுதான். "என் கணவரின் க்ரஃப் விஷயமாக வந்திருக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். க்ரஃப் என்றால் கல்லறை. நான் இழுத்து 'க்ராஃப்' என்று சொல்லிவிட்டேன். இழுத்தால் நம் ஊர் ஜமீன்தார் மாதிரி ஒரு பிரபு.

மேஜைக்குப் பின்னால் இருந்த இளம்பெண் நிமிர்ந்து பார்த்து, "உங்கள் கணவர் பிரபுவா, அம்மையீர்?" என்று நிஜமாகவே கேட்டாள்.

"இல்லை. பிரபுக்களின் வாள்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்" என்றேன்.

இருவரும் சிரித்துவிட்டோம். யான் போன பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

பிறகு அவள் விதிகளைச் சொன்னாள். கல் இவ்வளவு உயரத்துக்கு மேல் போகக் கூடாது. பளபளவென்று மினுக்கக் கூடாது. வேற்று மொழி எழுத்து இருந்தால் அதன் பொருளை எழுதிக் கொடுக்க வேண்டும். நான் ஒரு தாளில் 'யான்' என்று தமிழில் எழுதிக் காட்டினேன்.

"இது என்ன?"

"அவர் பெயர்."

"வேறு அர்த்தம் ஏதாவது உண்டா?"

பொய் சொல்ல வரவில்லை. "எங்கள் பழைய தமிழில் 'நான்' என்று அர்த்தம்."

பேனா அந்தரத்தில் நின்றது. "கல்லறையில் 'நான்' என்று எழுதப்போகிறீர்களா?"

"இல்லையம்மா. அவர் பெயரைத்தான் எழுதப்போகிறேன்."

கொஞ்சம் யோசித்துவிட்டு 'பெயர்' என்று மட்டும் எழுதிக்கொண்டாள். நல்ல பெண். எழுந்திருக்கப் போகும்போதுதான் அதைக் கேட்டாள்.

"கீழே எவ்வளவு இடம் விடச் சொல்லப்போகிறீர்கள்?"

"எதற்கு?"

"இரண்டாவது பெயருக்கு. இது ஒருவர் மேல் ஒருவராக இருவருக்கான ஆழத்தில் தோண்டிய குழி. உங்கள் மகள் அப்படித்தானே கேட்டிருக்கிறார்?"

திரையை என் பக்கம் திருப்பினாள். மீராவின் கையெழுத்து. அடக்கத்துக்கு ஏற்பாடு செய்த அன்று நானும் இதே அறையில்தான் உட்கார்ந்திருந்தேன். எனக்கு எதுவும் காதில் விழவில்லை. நான் எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதை என் மகள் என்னைக் கேட்காமலே முடிவு செய்திருக்கிறாள்.

2

யானை நான் முதலில் பார்த்தது புதுப்பட்டினம் கடைத்தெருவில், நான் வேலை பார்த்த ஜெராக்ஸ் கடையில். கல்பாக்கம் குடியிருப்பு ஆட்கள் ரேஷன் கார்டு, மார்க் ஷீட் என்று கொண்டுவந்து நகல் எடுத்துப்போகிற கடை. அங்கே ஒரு நாள் வெயிலில் சிவந்துபோன நெட்டை வெள்ளைக்காரன் ஒருவன், பாய் மாதிரி சுருட்டிய காகிதக் கட்டோடு வந்து நின்றான். நெஞ்சில் கை வைத்து, "யான்" என்றான்.

செய்யுளில்தான் அப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். வெள்ளைக்காரனுக்கு யாரோ தப்பான வாத்தியார் அமைந்துவிட்டார் என்று நினைத்து, "யான் இல்லை, நான்" என்று திருத்தினேன். அவன் தலையாட்டி, மறுபடி நெஞ்சைத் தொட்டு, "யான்" என்றான். அது பெயர் என்று புரிய இன்னும் மூன்று தடவை ஆனது.

காகிதத்தை விரித்தால் மண்டையோடு. அடுத்த தாளில் குறுக்காகப் போட்ட இரண்டு வாள். அதற்கடுத்ததில் முகமூடி போட்ட இரும்புத் தொப்பி, அதன் உச்சியிலிருந்து இரண்டு பக்கமும் சுருண்டு இறங்குகிற கொடி. சட்ராஸ் கோட்டைக்குள் இருக்கிற பழைய டச்சுக் கல்லறைகளின் மேல் மெல்லிய காகிதத்தை விரித்து, கரிக்கட்டியால் தேய்த்து எடுத்த படங்கள். சதுரங்கப்பட்டினம் என்று போர்டில்தான் எழுதியிருக்கும். எங்கள் பக்கம் எல்லாருக்கும் அது சட்ராஸ்தான். நான் பிறந்ததிலிருந்து பஸ்ஸில் அந்தக் கோட்டையைத் தாண்டிப் போயிருக்கிறேன். உள்ளே இப்படி ஒரு செதுக்கு வேலை இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

ஒரு படத்தில் மேல்பாதி முழுக்க வேலைப்பாடு, கீழ்ப்பாதி வெறுமை. மிஷினில் மை தீர்ந்துவிட்டது என்று நினைத்து மறுபடி எடுத்தேன். அப்போதும் அப்படித்தான். முதலாளி வந்து மிஷினைத் தட்டினார். யான் சிரித்துக்கொண்டே, "மிஷின் நல்லது. கல்லே அப்படி" என்றார், இங்கிலீஷும் சைகையுமாக.

வீணான நகல் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோனேன். அம்மா பார்த்துவிட்டு, "இன்னாடி இது, மண்டையோட்டத் தூக்கிகினு வூட்டுக்குள்ள வர? போட்ட்ரு வெளிய!" என்று கத்தினாள். என் தம்பி பாபு அதை எடுத்து, அந்த வாளை எப்படிப் பிடிப்பது என்று காற்றில் சுழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

யான் தினமும் கடைக்கு வந்தார். ஒரு தாள் நகல் எடுக்க வேண்டியதற்கு நாலு தடவை வந்தார். அடுத்த வருஷம் திரும்பி வந்தார். அதற்கடுத்த வருஷமும் வந்தார். அப்போது கொஞ்சம் தமிழ் பேசினார், அதுவும் எங்கள் பக்கத்துத் தமிழ். அப்பாவிடம் போய், "உங்க பொண்ணக் கட்டிகினு போறேன், சம்மதமா?" என்று கேட்டபோது அப்பாவுக்குக் கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. கோபம் ரெண்டு மாசம் இருந்தது. திருக்கழுக்குன்றத்தில்தான் கல்யாணம். மாப்பிள்ளைக்குக் கட்டிய வேட்டி முழங்காலுக்குக் கொஞ்சம் கீழேயே நின்றுவிட்டது. பாபு அன்றிலிருந்து அவரை மச்சான் என்று கூப்பிட்டான். அந்த ஒரு சொல்லில் யானுக்கு அப்படி ஒரு பெருமை.

3

முதல் குளிர்காலம் எனக்குப் பெரிய பேஜாராகப் போனது. நாலு மணிக்கே இருட்டு. பேச ஆளில்லை. நான் ஜன்னலோரமே உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, யான் ஒரு திங்கட்கிழமை, அருங்காட்சியகம் மூடியிருக்கிற நாளில், என்னைத் தன் கூடத்துக்குக் கூட்டிப்போனார்.

அங்கே ஒரு கருங்காலி நாற்காலி. முறுக்கிய கால்கள். சாய்மானம் முழுக்கப் பூவும் கொடியும், நடுவில் மீன்வால் பெண்கள் இரண்டு பேர். அந்தப் பெண்களுக்கு எங்கள் கோயில் தூணில் இருக்கிறவர்களின் மூக்கு, அதே தொங்கட்டான். சோழமண்டலக் கரையில் நம் ஆட்கள் டச்சுக்காரர்களுக்குச் செய்து கொடுத்தது என்றார். எனக்கு அதில் உட்கார வேண்டும்போல் இருந்தது. "உட்கார்ந்தால் என் வேலை போய்விடும்" என்றார்.

பக்கத்துக் கண்ணாடிப் பெட்டியில் ஒரு கட்டாரி. கைப்பிடியில் யாளி முகம். அலகு மட்டும் வேறு மாதிரி, மெல்லிசாக, நடுவில் பள்ளம் ஓடியது. யான் கையுறை போட்டுக்கொண்டு வெளியே எடுத்தார். உடைந்துபோன ஐரோப்பிய வாளின் அலகை நம் கொல்லர் எடுத்து நம் பிடியில் பொருத்தியிருக்கிறார். அந்தக் காலத்தில் நம் பக்கம் அது வழக்கமாம். "பிடி உங்கள் ஊர், அலகு எங்கள் ஊர். முன்னூறு வருஷமாகக் கழன்று விழவில்லை" என்றார். கல்யாணமான புதிது, வேறென்ன பேசுவார்.

அதற்குப் பிறகு நான் திங்கட்கிழமைகளில் போக ஆரம்பித்தேன். பால், ரொட்டி, பஸ் டிக்கெட் என்ற சொற்களுக்கு முன்னால் நான் கற்றுக்கொண்ட டச்சுச் சொற்கள் பிடி, உறை, அலகு, துரு. கடைக்காரியிடம் கத்தரிக்காய் நறுக்க ஒரு கத்தி கேட்கப் போய் போர்வாள் கேட்டிருக்கிறேன். மீரா பிறந்தபோது அவளையும் தூக்கிக்கொண்டு போவேன். அந்த மீன்வால் பெண்களைக் காட்டி அவளுக்குச் சோறு ஊட்ட முடியாது, உள்ளே சாப்பாடு கூடாது. ஆனாலும் நம் ஊர் முகம் இரண்டை அவள் வாரா வாரம் பார்க்கட்டும் என்று இருந்தது.

எட்டு வயது வரை மீரா தமிழ் பேசினாள். பிறகு ஒரு நாள் பள்ளிக்கூட வாசலில், "இங்கே வேண்டாம்மா, எல்லாரும் பார்க்கிறார்கள்" என்றாள் டச்சில். இங்கே என்பது மெல்ல மெல்ல வீடு வரை நீண்டுவிட்டது. நான் தமிழில் கேட்பேன், அவள் டச்சில் பதில் சொல்வாள். படித்து, பிசியோதெரபி வேலையில் சேர்ந்து, ரயிலில் ஒன்றரை மணி நேரத் தொலைவில் தனியாக இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வருவாள். சாம்பார் வேண்டும் என்பாள். அதற்கு மட்டும் தமிழ்ச் சொல்தான்.

4

அந்த ஞாயிற்றுக்கிழமை சாம்பார் வைக்கவில்லை. வந்ததும் கேட்டேன்.

"நான் எங்கே புதைய வேண்டும் என்று நீ யார் முடிவு செய்ய?"

அவள் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. முகம் வெளுத்துவிட்டது. "கேட்டார்கள். ஏதோ ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன்."

"என்னைக் கேட்டிருக்கலாமே."

"அன்றைக்கு உன்னிடம் என்ன கேட்டிருக்க முடியும்? தண்ணீர் வேண்டுமா என்றதற்கே நீ பதில் சொல்லவில்லை."

அவள் அடுத்த ரயிலில் போய்விட்டாள்.

பாபு வேறு அந்த மாதம் முழுக்கப் போன் செய்துகொண்டிருந்தான். செங்கல்பட்டில் சரக்கு வண்டி இரண்டு வைத்து ஓட்டுகிறான். அப்பா அம்மா போன பிறகு எனக்கு அங்கே இருக்கிற ஒரே ஆள் அவன்தான்.

"யக்கா, மாடியில ரூம்பு ரெடியாகிகினு கீது. உனக்குத்தான். பாத்ரூம்பு தனியா வெச்சிக்கீறேன். அங்க இன்னாத்துக்கு ஒண்டியா கெடக்கற? மச்சானும் பூட்டாரு. மீரா அவ சோலியப் பாத்துகினு போவுது."

கல் விஷயத்தையும், குழியின் ஆழத்தையும் அவனிடம் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம்.

"இன்னா சொல்ற நீ? நம்ம சனம் எரிக்கிறவங்க. உன்ன மண்ணுல போட்டு மூடறதா? நா உயிரோட கீறப்ப அது நடக்காது. நீ கெளம்பி வா மொதல்ல."

எனக்கும் கிளம்பிவிட வேண்டும் என்றுதான் இருந்தது. டிக்கெட் போட்டேன். போகிறேன் என்று மீராவுக்கு ஒரு வரி அனுப்பினேன். அவளிடமிருந்து வந்த பதிலும் ஒரு வரிதான்: "எனக்கும் லீவு இருக்கிறது. நானும் வருகிறேன்."

5

பொங்கல் முடிந்த வாரத்தில் பாபு எங்களைத் தன் வண்டியிலேயே சட்ராஸுக்குக் கூட்டிப்போனான். மீராதான் கேட்டாள், அப்பா தேய்த்தெடுத்த கற்களைப் பார்க்க வேண்டும் என்று. நாங்கள் மூன்று பேரும் முன் சீட்டில் நெருக்கி உட்கார்ந்து போனோம். வழியில் பாபு பேசிக்கொண்டே வந்தான். மீரா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள். நானும் அவளும் அதுவரை கல்லைப் பற்றி ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

கோட்டை வாசலில் காவலுக்கு இருந்தவர் கல்லறைப் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார். உள்ளே வெயில். மதிலுக்கு அப்பால் அலைச் சத்தம். இடுப்பு உயர மேடைகளில் கற்கள் படுத்திருந்தன. பாபு ஒன்றின் மேல் கையூன்றிக் குனிந்து பார்த்தான்.

"யக்கா, இது சிங்கமா? நம்ம கோயில் யாளி கணக்கா கீது."

உண்மைதான். டச்சுக் குடும்பத்தின் சிங்கத்துக்கு யாளிக் கண்கள். இரும்புத் தொப்பியின் மேல் இருந்த இறகு தாழம்பூ மடல்போல் விரிந்திருந்தது. செதுக்கியவன் இரும்புத் தொப்பியைப் பார்த்திருப்பானோ என்னவோ. யாராவது காகிதத்தில் வரைந்து காட்டியிருப்பார்கள். மிச்சத்துக்குத் தனக்குத் தெரிந்ததைப் போட்டிருக்கிறான்.

அப்போது மீரா வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தாள். கல்லில் விரல் வைத்து, பழைய எழுத்துகளில் தடுக்கித் தடுக்கி. படிக்கப் படிக்கக் குரல் தெளிந்தது. எங்கள் ஊரிலிருந்து நடக்கிற தூரத்தில், இத்தனை காலம் எங்கள் பக்கத்தில் யாரும் வாசிக்காமல் கிடந்த அந்தச் சொற்கள் என் மகளின் தாய்மொழி என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"இன்னா எழுதி கீது மீரா?" என்றான் பாபு.

அவள் அவனுக்காகத் தமிழைத் தேடினாள். பள்ளிக்கூட வாசலோடு நின்றுபோன தமிழ். "இங்க... தூங்கறார், மாமா. கம்பெனில வேலை. சாமான்... கப்பல்ல ஏத்தறது, எறக்கறது, பாத்துக்கறவர்."

"சரக்கு ஏத்தி எறக்கறவரா? அட, நம்ம லைனு!" பாபு அந்தக் கல்லை ஒரு தட்டுத் தட்டினான், தோளைத் தட்டுகிற மாதிரி.

ஒவ்வொன்றாகக் கேட்டான். அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். காவல்காரரும் வந்து நின்றுகொண்டார். குழந்தையோடு செத்த ஒருத்தி. கப்பலில் வந்து மூன்று மாதத்தில் போன ஒரு பையன். பிறகு அந்தக் கல்லுக்கு வந்தோம். மேலே மண்டையோடு, குறுக்கு வாள்கள், கொடி, பெயர். கீழ்ப்பாதி வெறுமை. நான் மை தீர்ந்துவிட்டது என்று நினைத்த கல்.

மீரா படித்துவிட்டு நின்றாள். "அவர் பேரு. அப்புறம்... 'அவர் மனைவியும்'னு போட்டு இருக்கு. அப்புறம் ஒண்ணும் இல்ல."

"பொண்டாட்டி எங்க போச்சாம்?"

"தெரியல மாமா. அவங்க ஊருக்குப் போயிட்டாங்க போல."

பாபு வாயைத் திறந்தான். என்னைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். காவல்காரரோடு பேசுகிற மாதிரி வெளியே போனான்.

மீரா அந்தக் கல்லிலிருந்து கையை எடுக்கவில்லை. டச்சில்தான் சொன்னாள். "அன்றைக்கு அந்த அறையில், ஒருவருக்கா இருவருக்கா என்று கேட்டார்கள். ஒருவருக்கு என்று சொன்னால் நீ மறுநாளே விமானம் ஏறிவிடுவாய் என்று பயமாக இருந்தது. அதனால் இருவருக்கு என்றேன். அவ்வளவுதான். நீ சாவதைப் பற்றி நான் நினைக்கவே இல்லை."

அவள் என் பக்கம் திரும்பினாள். இந்தத் தடவை தமிழில்.

"நீ இங்க வந்துட்டா, ஞாயித்துக்கெழம நான் எங்கம்மா போறது?"

இருபத்து நாலு வயதுப் பெண். எத்தனையோ பேருடைய முதுகையும் முழங்காலையும் சரிசெய்து அனுப்புகிறவள். வெயிலில் மூக்கு சிவந்து, யான் முதன்முதலில் கடைக்கு வந்து நின்றபோது இருந்த மாதிரியே நின்றாள். நான் முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தேன். அவள் விட்டாள்.

திரும்பும்போது பாபு வண்டியை நிறுத்தி எங்களுக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தான். வீட்டுக்குப் போனதும் மாடி அறையைக் காட்டினான். தரையில் டைல்ஸ் புதுசு. ஜன்னலில் நின்றால் தூரத்தில் ஏரியும் ரயிலும் தெரிந்தன. நன்றாகவே கட்டியிருந்தான். அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான், இங்கே நான் வந்து தங்குவேன், ஆனால் இருக்க மாட்டேன் என்று எனக்குத் தெரிந்துபோனது. அவனிடம் சொல்ல வாய் வரவில்லை.

6

ஹாலந்துக்குத் திரும்பியதும், கல் வெட்டுகிறவரிடம் மீராவும் நானும் சேர்ந்து போனோம். சட்ராஸில் யான் தேய்த்தெடுத்த படங்களில் ஒன்றை மீரா கொண்டுவந்திருந்தாள். வாள் வேண்டாம், மண்டையோடு வேண்டாம், அந்தக் கொடி மட்டும் ஓரத்தில் ஓடட்டும் என்றோம். அவர் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, இது எந்த நாட்டுச் செடி என்று கேட்டார். எங்கள் ஊர்ச் செடி என்றேன். மீராவும், எங்கள் ஊர்தான் என்று சொல்லிவிட்டு, ஆனால் கற்பனைச் செடி என்று சேர்த்துக்கொண்டாள். தமிழ் எழுத்துக்கு நான் பெரிதாக எழுதிக் கொடுத்தேன். 'ன்' மேல் புள்ளி வைக்க மறந்துவிடக் கூடாது என்று மூன்று தடவை சொன்னேன். கீழே எவ்வளவு இடம் என்று அவரும் கேட்டார். ஒரு பெயருக்கு என்றேன்.

சித்திரை பிறந்த சமயத்தில் கல்லை நட்டார்கள். இங்கே அப்போதுதான் மரங்கள் துளிர்க்கும். பாபு வீடியோவில் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தான். மீரா போனைப் பிடித்தாள். பாபு மேலிருந்து கீழே காட்டச் சொன்னான்.

"கொடி நல்லா கீது. மச்சான் பேரு நம்ம எழுத்துல, ஷோக்கா கீது. இன்னும் கீழ காட்டு." மீரா போனை இறக்கினாள். "கீழ இன்னா காலியா கீது?"

மீரா என்னைப் பார்த்தாள். நான் போனை வாங்கிக்கொண்டேன்.

"அது எனக்கு, பாபு."

அவன் முகம் திரையை விட்டு நகர்ந்தது. மின்விசிறியும் மேல்சுவரும் மட்டும் தெரிந்தன. தம்பி பொண்டாட்டி பின்னாலிருந்து இன்னா ஆச்சு, இன்னா ஆச்சு என்று கேட்பது கேட்டது. லைனை வெட்டிவிடுவான் என்றுதான் நினைத்தேன். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது. பிறகு மெதுவாகக் கேட்டான்.

"அங்க வரணும்னா இன்னாக்கா பண்ணணும்? பாஸ்போர்ட்டு எடுக்கணுமா?"

"எடுக்கணும் பாபு."

"எவ்ளோ நாளாகும்?"

"சீக்கிரம் தந்துடுவாங்க."

"சரி, வெய்யி."

அடுத்த வாரம் வாட்ஸப்பில் ஒரு போட்டோ அனுப்பினான். வெள்ளைத் துணிக்கு முன்னால், முழுக்கைச் சட்டை போட்டு, மேல் பொத்தான்வரை பூட்டிக்கொண்டு, திருதிருவென்று விழித்துக்கொண்டு. பாஸ்போர்ட்டுக்காம். தலைக்கு மை அடித்திருக்கிறான். நெற்றியோரம் கொஞ்சம் வழிந்திருக்கிறது.